சிறுமூளையின் வெர்மிஸ்: அமைப்பு, செயல்பாடு, மரபியல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பகால ஸ்கேன் அறிக்கையிலோ, நடை தள்ளாடும் ஒருவரின் எம்.ஆர்.ஐ. அறிக்கையிலோ "வெர்மிஸ் சிறியதாக உள்ளது" என்ற வரியைப் படித்துவிட்டுக் கலங்கிப்போகிறவர்கள் பலர். அந்த வரி ஒரு தோற்றத்தைச் சொல்கிறதே தவிர, ஒரு நோயின் பெயரைச் சொல்லவில்லை. ஒரே தோற்றத்துக்குப் பின்னால் வெவ்வேறு மரபணுக் காரணங்களும், மரபணுவோடு தொடர்பே இல்லாத காரணங்களும் இருக்கலாம். சில சமயங்களில் குறை எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய வெர்மிஸின் அமைப்பும் வேலையும் ஓரளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அடிப்படையிலிருந்தே தொடங்கியிருக்கிறோம்.

வெர்மிஸ் மூளையின் எந்தப் பகுதி?

தலையின் பின்புறம், பெருமூளைக்கு அடியில், மூளைத்தண்டுக்குப் பின்னால் சிறுமூளை அமைந்திருக்கிறது. அதற்கு வலம், இடம் என இரண்டு அரைக்கோளங்கள் உண்டு. அவ்விரண்டுக்கும் நடுவில் மேலிருந்து கீழாகச் செல்லும் ஒடுங்கிய பகுதியே வெர்மிஸ். சிறுமூளையை மேற்புறத்திலிருந்து பார்த்தால் வெர்மிஸ் எங்கே முடிந்து அரைக்கோளம் எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகச் சொல்ல முடியாது. கீழ்ப்புறத்திலோ அது இரு அரைக்கோளங்களுக்கும் இடையே ஓர் ஆழமான பள்ளத்துக்குள் பதிந்திருக்கும். அதன் முன்பக்கத்தில், மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் நடுவே, மூளைத் தண்டுவட நீர் நிரம்பிய நான்காம் மூளையறை இருக்கிறது. வெர்மிஸ் அந்த அறையின் கூரையோடு ஒட்டி அமைந்திருப்பதால், வெர்மிஸில் ஏற்படும் கட்டியோ வளர்ச்சிக் குறையோ நீரோட்டத்தைத் தடுத்து, தலையில் நீர் தேங்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடக்கூடும்.

சிறுமூளை முழுவதும் ஏறத்தாழ 150 கிராம்தான் இருக்கும். மூளையின் எடையில் அது பத்தில் ஒரு பங்கு. ஆனால் 2009-இல் பிரேசில் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, மனித மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன.

வெர்மிஸின் உட்பிரிவுகள் யாவை?

வெர்மிஸ் பத்து நுண்மடல்களாகப் பிரிக்கப்படுகிறது. அமெரிக்க உடற்கூறியலாளர் ஓலாஃப் லார்செல் வகுத்த 1 முதல் 10 வரையிலான எண்முறையே இன்று ஆய்வுலகில் பரவலாக வழங்குகிறது. பழைய லத்தீன் பெயர்களும் மறையவில்லை: முதலாவது லிங்குலா, 4-உம் 5-உம் கல்மென், 6 டெக்லைவ், 8 பிரமிஸ், 9 யுவுலா, 10 நாடுலஸ். 5-க்கும் 6-க்கும் இடையிலுள்ள முதன்மைப் பிளவு முன்மடலைப் பின்மடலிலிருந்து பிரிக்கிறது. 9-க்கும் 10-க்கும் இடையிலுள்ள பிளவுக்கு அப்பால் இருக்கும் நாடுலஸ், இரு பக்கமும் உள்ள ஃபிளாக்குலஸ் என்ற சிறு பகுதிகளோடு சேர்ந்து, பரிணாமத்தில் மிகப் பழைய மடலாகக் கருதப்படுகிறது.

இந்தப் பிரிவுகளைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், தலையைச் சரியாக நடுவில் வெட்டினாற்போல் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்க்க வேண்டும். அதில் நான்காம் மூளையறை ஒரு கருநிற முக்கோணமாகத் தெரியும். அதன் கூர்முனை பின்னோக்கி வெர்மிஸுக்குள் குத்தி நிற்கும். அந்த முனைக்கு அருகிலிருந்து வெண்பொருள் (நரம்பிழைகளாலான வெண்ணிறத் திசு) கிளைகளாகப் பிரிந்து ஒவ்வொரு நுண்மடலுக்குள்ளும் செல்லும். மேற்பகுதியில் முதன்மைப் பிளவு ஆழமான கோடாகத் தெரியும். முதன்மைப் பிளவு தெரிகிறதா, கூர்முனை உரிய இடத்தில் இருக்கிறதா, முனைக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகளின் அளவு ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே, வெர்மிஸ் முழுமையாக வளர்ந்திருக்கிறதா என்று கதிரியல் மருத்துவர் கருத்துச் சொல்வார். வெறும் உயர அளவு மட்டும் போதாது.

அதன் நரம்பணு அமைப்பு எப்படிப்பட்டது?

சிறுமூளைப் புறணி, அதாவது அதன் மேலோடு, எங்கும் ஒரே மாதிரியான மூன்று அடுக்குகளால் ஆனது. வெர்மிஸும் அதற்கு விலக்கு அன்று. உள்ளடுக்கில் மிகச் சிறிய கிரானுல் செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. நடுவில் புர்கின்ஜி செல்கள் ஒற்றை வரிசையில் நிற்கின்றன; செக் நாட்டு அறிஞர் யான் புர்கின்ஜி 1837-இல் இவற்றை விவரித்தார். மேலடுக்கில் புர்கின்ஜி செல்களின் கிளைகள் ஒரே தளத்தில் விசிறியாக விரிந்திருக்க, கிரானுல் செல்களின் இழைகள் அவற்றைக் குறுக்காகக் கடந்து செல்கின்றன.

ஒரு புர்கின்ஜி செல்லுக்கு இரண்டு வகையான செய்திகள் வந்து சேர்கின்றன. தண்டுவடம், உட்செவி, மூளைத்தண்டு ஆகியவற்றிலிருந்து மாஸி இழைகள் வழியாக வருபவை கிரானுல் செல்களைத் தாண்டி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் மூலம் அதை அடைகின்றன. மற்றொன்று, முகுளத்திலுள்ள ஆலிவ் தொகுப்பிலிருந்து வரும் ஒரே ஒரு ஏறு இழை. வளர்ந்தவரின் மூளையில் ஒவ்வொரு புர்கின்ஜி செல்லுக்கும் ஏறு இழை ஒன்றுதான். ஆனால் அதன் தாக்கம் மிக வலுவானது. நினைத்தபடி அசைவு நடக்கவில்லை என்ற பிழைச் செய்தியை ஏறு இழை கொண்டுவருகிறது என்றும், அதற்கேற்ப மற்ற இணைப்புகளின் வலிமை மாறுகிறது என்றும், அதுவே அசைவைக் கற்றுக்கொள்ளும் வழி என்றும் கொள்ளும் விளக்கமே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் தொடங்கும் இடம். புர்கின்ஜி செல் வெளியே அனுப்பும் செய்தி எப்போதும் அடக்கும் செய்தியே என்பதை ஜப்பானியர் மசாவோ இடோவின் குழு 1960-களில் நிறுவியது. சிறுமூளைப் புறணி தன்னடியிலுள்ள நரம்பணுக்களை எப்போது, எவ்வளவு அடக்குவது என்று தீர்மானித்தே அசைவைச் செதுக்குகிறது.

ஒரே மாதிரித் தோன்றும் இந்தப் புறணியிலும் வேற்றுமை உண்டு. அல்டோலேஸ்-சி என்ற நொதி சில புர்கின்ஜி செல்களில் மிகுதியாகவும் சிலவற்றில் குறைவாகவும் இருப்பதால், தகுந்த சாயமேற்றிப் பார்க்கும்போது வெர்மிஸில் முன்பின்னாக ஓடும் பட்டைகள் தெரிகின்றன.

வெர்மிஸ் எங்கிருந்து செய்தி பெற்று, எங்கே அனுப்புகிறது?

உடலின் நடுப்பகுதி, கால்கள் ஆகியவற்றின் தசைகளும் மூட்டுகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்ற தகவல் தண்டுவடம் வழியாக வருகிறது. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பது உட்செவியிலிருந்து, முக்கியமாக 9, 10-ஆம் நுண்மடல்களுக்கு வருகிறது. பார்வை, ஒலி பற்றிய செய்திகள் நடுப்பகுதி நுண்மடல்களை அடைகின்றன.

வெளியே செல்லும் வழி பெரும்பாலும் ஃபாஸ்டிஜியல் நரம்பணுத் தொகுப்பின் ஊடாகத்தான். நான்காம் மூளையறையின் கூர்முனைக்கு அருகே இருபுறமும் இது இருக்கிறது. இங்கிருந்து மூளைத்தண்டின் சமநிலைத் தொகுப்புகளுக்கும், நிற்பதையும் நடப்பதையும் நிர்வகிக்கும் வலைப்பின்னல் அமைப்புக்கும், கண் அசைவு மையங்களுக்கும், பெருமூளைக்குச் செய்தி கடத்தும் தலாமஸுக்கும் இழைகள் செல்கின்றன. வெர்மிஸின் சில புர்கின்ஜி செல்கள் இந்த இடைநிலையத்தைத் தவிர்த்து, சமநிலைத் தொகுப்புகளுக்கு நேரடியாகவே இழை அனுப்புகின்றன. புறணி செல்களுக்கு இப்படிச் சிறுமூளையை விட்டே வெளியேறும் நேர்வழி இருப்பது அரிது.

இதற்கு இரத்தம் எங்கிருந்து கிடைக்கிறது?

மேல் வெர்மிஸுக்கு மேல் சிறுமூளைத் தமனியிலிருந்தும், கீழ் வெர்மிஸுக்குக் கீழ்ப் பின் சிறுமூளைத் தமனியிலிருந்தும் இரத்தம் வருகிறது. இரண்டாவது தமனியின் உட்கிளை மட்டும் அடைபட்டால், கை கால்களில் பலவீனமே இல்லாமல் திடீர்த் தலைசுற்றலும் நிற்க முடியாமையும் தோன்றலாம். இதைக் காதுக் கோளாறு என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுவது ஆபத்தானது.

வெர்மிஸின் முதன்மையான வேலை என்ன?

உடலின் நடுத்தண்டை நிலைநிறுத்துவதே அதன் முதல் வேலை. நாம் கையை நீட்டும்போது கை மட்டும் அசைவதில்லை. கை நீள்வதற்குச் சற்று முன்பே முதுகுத் தசைகளும் கால் தசைகளும் உடல் முன்னே சாய்ந்துவிடாதபடி இறுகுகின்றன. இந்த முன்னேற்பாட்டில் வெர்மிஸுக்குப் பெரும் பங்கு உண்டு. அரைக்கோளங்கள் கெட்டால் கை, விரல்களின் நுட்பம் கெடும். வெர்மிஸ் கெட்டால் உட்காருவதும் நிற்பதும் நடப்பதும் கெடும். மருத்துவ மாணவர்கள் முதலில் மனத்தில் பதிய வைக்க வேண்டிய வேறுபாடு இது.

இரண்டாவது வேலை கண்களைச் சார்ந்தது. ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குப் பார்வை தாவும்போது, அந்தத் தாவல் இலக்குக்கு முன்பே நின்றுவிடாமலும் அதைத் தாண்டிப் போகாமலும் சரியாக முடிய வேண்டும். 6, 7-ஆம் நுண்மடல்களின் ஒரு பகுதி இதை அளவிட்டுத் திருத்துகிறது. அப்பகுதி பழுதுபட்டால் கண் இலக்கை எட்டாமல் நின்று, மறுபடியும் சிறு தாவல் செய்து சேர்கிறது. அதற்கு அடுத்த நிலையான ஃபாஸ்டிஜியல் தொகுப்பு பழுதுபட்டாலோ கண் இலக்கைத் தாண்டிப் போய்விடுகிறது. புறணி அடக்குகிறது, அடியிலுள்ள தொகுப்பு தூண்டுகிறது என்று மேலே சொன்ன ஏற்பாட்டை, நோயாளியின் கண்களிலேயே இப்படிப் பார்க்க முடிகிறது.

மூன்றாவதாக, புவியீர்ப்பின் திசை எது, உடல் சுழல்கிறதா அல்லது சாய்கிறதா என்பதை உட்செவிச் செய்திகளிலிருந்து பிரித்தறிவதில் நாடுலஸும் யுவுலாவும் பங்கு கொள்கின்றன. அவை பாதிக்கப்பட்டால், கண்கள் ஒரு திசையில் துடித்துக்கொண்டிருந்து, ஓரிரு நிமிடங்களுக்குப் பின் எதிர்த்திசைக்கு மாறித் துடிக்கும் விந்தையான நிலை ஏற்படலாம். பாக்லோஃபென் என்ற மருந்து இதைப் பெருமளவு அடக்குகிறது.

வெர்மிஸ் பாதிப்பை மருத்துவர் எப்படி அடையாளம் காண்கிறார்?

அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவர் கருவிகளுக்கு முன்பே நோயாளியைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைக்கிறார். கைகளை மார்பின்மீது கட்டிக்கொள்ளவும், பாதங்கள் தரையில் படாமல் தொங்கவிடவும் சொல்கிறார். வெர்மிஸ் பழுதுபட்டவரின் உடல் முன்னும் பின்னுமாக மெல்ல ஆடத் தொடங்கும், தலையும் ஆடலாம். கைகளை விடுவித்தவுடன் அவர் கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொள்வார். பிறகு நிற்கச் சொன்னால் கால்களை அகட்டி வைத்துக்கொள்வார். ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்களோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால், சில அடிகளுக்குள் பக்கவாட்டில் கால் வைத்துவிடுவார். ஆனால் படுக்க வைத்துச் சுட்டுவிரலால் மூக்கைத் தொடச் சொன்னால், அதை ஓரளவு நன்றாகவே செய்வார். இந்த முரண்பாடு புரியாத வீட்டார், படுத்திருக்கும்போது எல்லாம் சரியாகத்தானே செய்கிறார், நடக்கத்தான் மனமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அது மனமின்மை அன்று. நோயின் இயல்பே அப்படித்தான்.

நீண்டகாலமாக மிகுதியாக மது அருந்துபவர்களிடம் இந்தப் படிமம் மிகத் தெளிவாகக் கிடைக்கிறது. அவர்களில் சிலருக்கு வெர்மிஸின் முன்மேற்பகுதியில் மட்டும் புர்கின்ஜி செல்கள் அழிகின்றன. 1959-இல் விக்டர், ஆடம்ஸ், மான்கால் ஆகிய மூவரும் இதை விரிவாக எழுதினார்கள். கால்களும் நடையும் மோசமாகப் பாதிக்கப்பட, கைகளும் பேச்சும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. தயமின் என்ற பி1 வைட்டமின் குறைபாடும் இதில் சேர்ந்துகொள்கிறது. குடியை அறவே விட்டு, சத்துக் குறையைச் சரிசெய்தால் நோய் பெரும்பாலும் மேலும் முற்றாமல் நிற்கும். சிலருக்கு நடை ஓரளவு தேறும்.

உணர்ச்சிகளோடு வெர்மிஸுக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் எவ்வளவு என்பதில் நிதானம் தேவை. 1998-இல் ஜெரமி ஷ்மாமனும் ஜேனட் ஷெர்மனும் சிறுமூளை பாதிக்கப்பட்ட நோயாளிகளிடம் திட்டமிடல், மொழி, இடஅறிவு, நடத்தை ஆகியவற்றில் மாற்றங்களைக் கண்டு, அவற்றை ஒரு தனி நோய்க்குறியாக வகுத்தார்கள். அவர்களுள் பின்மடலும் வெர்மிஸும் பாதிக்கப்பட்டவர்களிடம் உணர்ச்சி மழுங்கலோ பொருத்தமற்ற நடத்தையோ தூக்கலாக இருந்தது. எலிகளில், அச்சம் தந்த அனுபவத்தின் நினைவு உறைவதற்கு வெர்மிஸ் தேவைப்படுகிறது என்று பரிசோதனைகள் காட்டியுள்ளன.

குழந்தைகளிடம் இதன் கடுமையான வடிவத்தைக் காணலாம். நடுக்கோட்டுக் கட்டியை அகற்றிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு விழித்தெழும் குழந்தை முதலில் நன்றாகப் பேசி, ஓரிரு நாளில் பேச்சை முற்றிலும் இழந்துவிடுவது உண்டு. அத்துடன் எளிதில் எரிச்சலும் அழுகையும், தசைத் தளர்ச்சியும் சேரும். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டியின் அறுவைக்குப் பின் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இது நேர்கிறது. பேச்சு வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பினாலும், தடுமாற்றம் சிலருக்கு நீடிக்கிறது. அறுவைக்கு முன்பே பெற்றோருக்கு இதைச் சொல்லிவைப்பது மருத்துவர்களின் கடமை என்றே கருதுகிறோம். முன்னறிவிப்பு இல்லாமல் குழந்தை ஊமையாவதைப் பார்க்கும் பெற்றோரின் வேதனை சொல்லில் அடங்காது.

மறுபுறம், ஆட்டிசம் பற்றிய ஒரு கூற்று அளவுக்கு மீறிப் பரவிவிட்டது. 1988-இல் எரிக் கூர்ஷென் குழுவினர் ஆட்டிசம் உள்ளவர்களிடம் 6, 7-ஆம் நுண்மடல்கள் சிறியவை என்று அறிவித்தார்கள். பின்வந்த ஆய்வுகள் சில அதை ஒத்தும் பல ஒவ்வாமலும் அமைந்தன. வெர்மிஸின் அளவை வைத்து ஆட்டிசத்தை உறுதிசெய்யவோ மறுக்கவோ முடியாது.

கருவில் வெர்மிஸ் எப்படி உருவாகிறது? எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன?

நடுமூளைக்கும் பின்மூளைக்கும் இடையிலுள்ள எல்லையில் சிறுமூளையின் கதை தொடங்குகிறது. ஓ.டி.எக்ஸ்.2, ஜி.பி.எக்ஸ்.2 ஆகிய மரபணுக்கள் இந்த எல்லையை வகுக்கின்றன. எல்லையில் சுரக்கும் எஃப்.ஜி.எஃப்.8 என்ற புரதம், அருகிலுள்ள திசுவைச் சிறுமூளையாக வளரும்படி ஏவுகிறது. என்கிரெய்ல்டு மரபணுக்கள் இரண்டும் அதற்குத் துணை நிற்கின்றன. இடமும் வலமும் தனித்தனியாக வளர்ந்து பின்னர் நடுவில் ஒட்டிக்கொள்வதால் வெர்மிஸ் பிறக்கிறது என்று முன்பு கருதினார்கள். எலிக்கருக்களில் செல்களின் வழித்தடத்தைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் வேறுவிதமாகச் சொல்கின்றன: தொடக்கத்தில் முன்பின்னாக இருக்கும் திசு, வளர்ச்சியின்போது திரும்பி, நடுவிலிருந்து பக்கமாக அமைகிறது, எல்லைக்கு மிக அருகிலிருந்த பகுதியே வெர்மிஸாகிறது. எஃப்.ஜி.எஃப்.8 செய்தியில் சிறு குறை ஏற்பட்டாலும் அரைக்கோளங்களைவிட வெர்மிஸ் முதலில் பாதிக்கப்படுவதற்குக் காரணம் இதுவே.

செல்கள் இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகின்றன. பி.டி.எஃப்.1ஏ மரபணு செயல்படும் உட்பகுதியிலிருந்து புர்கின்ஜி செல்கள் முதலான அடக்கும் நரம்பணுக்கள் எல்லாம் தோன்றுகின்றன. ஏ.டி.ஓ.எச்.1 செயல்படும் விளிம்புப் பகுதியிலிருந்து கிரானுல் செல்கள் தோன்றுகின்றன. பி.டி.எஃப்.1ஏ முற்றிலும் செயலிழந்த குழந்தைகளுக்குச் சிறுமூளையே உருவாவதில்லை. கணையத்துக்கும் அதே மரபணு தேவை என்பதால் பிறந்தவுடனேயே நீரிழிவும் தோன்றுகிறது.

கிரானுல் செல்களின் மூதாதைகள் முதலில் சிறுமூளையின் வெளிப்பரப்பில் பரவி, அங்கே பெருமளவு பெருகுகின்றன. அந்தப் பெருக்கத்தைத் தூண்டுவது, அடியிலிருக்கும் புர்கின்ஜி செல்கள் சுரக்கும் சானிக் ஹெட்ஜ்ஹாக் புரதம். இந்தச் செய்தியை மூதாதைச் செல் தன் உடலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை நுண்மயிரான முதன்மை சிலியா வழியாகவே பெறுகிறது. வெர்மிஸ் தொடர்பான இரு பெரும் நோய்களுக்கு இந்த நுண்மயிரும் இந்தப் புரதமும் திறவுகோல்களாக இருக்கின்றன.

ஜூபேர் நோய்க்குறி என்றால் என்ன?

1969-இல் கனடாவின் மான்ட்ரியலில் மரீ ஜூபேர் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர், ஒரே குடும்பத்துக் குழந்தைகளிடம் வெர்மிஸ் வளராமை, விட்டுவிட்டு வரும் வேகமான மூச்சு, விசித்திரமான கண் அசைவு, தசைத் தளர்ச்சி ஆகியவற்றைக் கண்டு எழுதினார். இன்று இந்நோயை அடையாளம் காட்டுவது எம்.ஆர்.ஐ.யில் தெரியும் கடைவாய்ப்பல் வடிவம். நடுமூளையின் அடிப்பகுதியைக் குறுக்காகக் காட்டும் படத்தில், முன்புறக் குழி வழக்கத்தைவிட ஆழமாகவும், சிறுமூளையிலிருந்து மேலே செல்லும் இரு தண்டுகளும் தடித்துக் கிடையாகவும், நடுவில் வெர்மிஸ் ஒடுங்கியும் இருப்பதால் அந்த வடிவம் தோன்றுகிறது. தண்டுகள் தடித்திருப்பதற்குக் காரணம் உண்டு: வழக்கமாக நடுக்கோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் செல்ல வேண்டிய இழைகள் இங்கே கடப்பதில்லை.

இதுவரை 35-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாக அறியப்பட்டுள்ளன. ஏ.எச்.ஐ.1, சி.இ.பி.290, டி.எம்.இ.எம்.67, சி.சி.2டி.2ஏ, என்.பி.எச்.பி.1 ஆகியவை அவற்றுள் சில. இத்தனை மரபணுக்களும் முதன்மை சிலியாவின் கட்டமைப்போடோ செயலோடோ தொடர்புடையவை. விழித்திரை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் செல்களுக்கும் சிலியா தேவை என்பதால், மூளையோடு இந்த உறுப்புகளும் பாதிக்கப்படலாம். எந்த மரபணு என்று தெரிந்தால் எந்த உறுப்பைக் கூர்ந்து கவனிப்பது என்றும் தெரியும்: டி.எம்.இ.எம்.67 என்றால் கல்லீரல், சி.இ.பி.290 என்றால் விழித்திரையும் சிறுநீரகமும். மரபணுப் பரிசோதனையால் மருந்து கிடைக்கப்போவதில்லையே, எதற்குச் செலவு என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். சிறுநீரகம் சத்தமில்லாமல் பல ஆண்டுகள் பழுதாகிக்கொண்டிருக்கும். ஆண்டுதோறும் பரிசோதித்தால்தான் காலத்தில் கண்டுபிடிக்க முடியும்.

இக்குழந்தைகளுக்கு மூச்சுக் கட்டுப்பாடு பலவீனமாக இருப்பதால், எந்த அறுவைக்கு முன்பும் மயக்க மருந்து நிபுணரிடம் நோயின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். மூச்சுத் தொல்லை வயது ஏற ஏறப் பெரும்பாலும் குறைகிறது. அறிவு வளர்ச்சி குழந்தைக்குக் குழந்தை மிகவும் மாறுபடுகிறது.

டாண்டி–வாக்கர் குறைபாடு இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

டாண்டி–வாக்கரில் வெர்மிஸ் சிறியதாகவும் மேல்நோக்கித் திரும்பியும் இருக்கும். நான்காம் மூளையறை நீர்க்குமிழாக விரிந்து பின்மண்டைக் குழியைப் பெரிதாக்கும். 1914-இல் வால்டர் டாண்டியும் கென்னத் பிளாக்ஃபேனும், 1942-இல் டாகார்ட்டும் வாக்கரும் இதை விவரித்தனர். பலருக்குத் தலையில் நீர் தேங்குகிறது. அதற்குக் குழாய் பொருத்தும் அறுவை தேவைப்படலாம்.

ஜூபேர் பெரும்பாலும் ஒற்றை மரபணு நோய், டாண்டி–வாக்கர் அப்படியன்று. 3-ஆம் குரோமோசோமில் ஜிக்1, ஜிக்4 ஆகிய அடுத்தடுத்த இரு மரபணுக்கள் இழக்கப்படுவதும், 6-ஆம் குரோமோசோமில் ஃபாக்ஸ்-சி1 மரபணு இழக்கப்படுவதும் காரணங்களாக அறியப்பட்டுள்ளன. ஃபாக்ஸ்-சி1 சிறுமூளைக்குள் செயல்படுவதே இல்லை. அதைச் சூழ்ந்த உறைத் திசுவில் செயல்பட்டு, அங்கிருந்து சிறுமூளையின் வளர்ச்சியை நடத்துகிறது. குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறுகள், கர்ப்பகாலத் தொற்று, இரத்தக் கசிவு ஆகியவற்றாலும் இத்தோற்றம் வரலாம். வேறு உறுப்புக் குறையோ குரோமோசோம் கோளாறோ இல்லாத குழந்தைகளில் கணிசமானோர் இயல்பாகவோ சிறு குறையுடனோ வளர்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான தோற்றம் ஒன்றும் உண்டு. வெர்மிஸ் இல்லாமல், இரு அரைக்கோளங்களும் நடுவில் ஒன்றாக இணைந்துவிடும் அரிய குறைபாடு அது. பெரும்பாலான குழந்தைகளிடம் அதற்கு மரபணுக் காரணம் இதுவரை கண்டறியப்படவில்லை.

பெரியவர்களிடம் தோன்றும் மரபுவழிச் சிறுமூளைத் தேய்வு வெர்மிஸைப் பாதிக்குமா?

பாதிக்கும். தண்டுவடச் சிறுமூளைத் தள்ளாட்ட நோய்களில் 6-ஆம் வகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 19-ஆம் குரோமோசோமிலுள்ள காக்னா1ஏ மரபணுவில் சி-ஏ-ஜி என்ற டி.என்.ஏ. மூவெழுத்து இயல்பாக 18 முறை வரை திரும்ப வரும். 20 முதல் 33 வரை வந்தால் நோய். நடுவயதில் தொடங்கி மெல்ல வளரும் இந்நோயில் வெர்மிஸின் புர்கின்ஜி செல்கள் முதன்மையாக அழிகின்றன. இது ஓங்கு முறையில் கடத்தப்படுவதால், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

1-ஆம் வகை தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புடையது. தமக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் ஒரு தமிழ்ச் சமூகத்தில் அது மிகுதியாக இருப்பதாக 2005-இல் ஆய்வு வெளியானது. அதற்குக் காரணமான அட்டாக்சின்-1 மரபணு 6-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இவ்வகையில் சிறுமூளையோடு மூளைத்தண்டும் தேய்வதால் விழுங்குதலும் பேச்சும் பாதிக்கப்படுகின்றன. தலைமுறைக்குத் தலைமுறை மூவெழுத்துத் தொடர் நீளக்கூடும். அப்போது நோய் முன்னதாகவே தொடங்கும். குடும்பத்தில் பலர் நடுவயதில் தள்ளாடி நடந்ததாகச் சொல்லப்பட்டால், அதை வயோதிகம் என்று ஒதுக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வெர்மிஸில் வரும் கட்டிகள்?

குழந்தைகளுக்கு மூளையில் வரும் புற்றுநோய்க் கட்டிகளில் முக்கியமானதான மெடுல்லோபிளாஸ்டோமா பெரும்பாலும் வெர்மிஸிலும் நான்காம் மூளையறையிலும் தோன்றுகிறது. காலையில் தலைவலியோடு வாந்தி, புதிதாகத் தொடங்கிய தள்ளாட்டம் ஆகிய இரண்டும் ஒரு குழந்தையிடம் சேர்ந்து வந்தால், வயிற்றுக் கோளாறு என்று நாட்களைக் கடத்தக் கூடாது. 1925-இல் பெய்லியும் குஷிங்கும் இக்கட்டிக்குப் பெயரிட்டனர். இன்று மூலக்கூறு அடிப்படையில் டபிள்யு.என்.டி., சானிக் ஹெட்ஜ்ஹாக், 3-ஆம் குழு, 4-ஆம் குழு என நான்காகப் பிரிக்கிறார்கள். முதல் குழுவினர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். கிரானுல் செல் மூதாதைகளைப் பெருக்கும் அதே சானிக் ஹெட்ஜ்ஹாக் செய்தி, பி.டி.சி.எச்.1 போன்ற மரபணுக்களின் பிறழ்வால் அடங்காமல் ஓடும்போது இரண்டாவது குழுக் கட்டி உருவாகிறது. இவ்வகைக் கட்டி வளர்ந்தவர்களிடம் அரைக்கோளங்களில் அதிகம் வருகிறது.

கர்ப்பகால ஸ்கேனில் "வெர்மிஸ் சிறியது" என்று வந்தால் என்ன செய்வது?

முதலில் கர்ப்பத்தின் வாரத்தைப் பாருங்கள். வெர்மிஸ் மேலிருந்து கீழாக வளர்ந்து நான்காம் மூளையறையை முழுவதும் மூடுவதற்கு ஏறத்தாழ 18 முதல் 20 வாரம் ஆகும். அதற்கு முன் எடுத்த ஸ்கேனில் கீழ்ப்பகுதி திறந்திருப்பது இயல்பாகவும் இருக்கலாம். ஸ்கேன் தளம் சற்றுச் சாய்ந்தாலே இல்லாத இடைவெளி இருப்பதாகத் தோன்றும். ஆகவே கரு மருத்துவ நிபுணர் நடுக்கோட்டுத் தளத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். மூளைத்தண்டுக்கும் வெர்மிஸுக்கும் இடையிலுள்ள கோணம் இயல்பாக 18 பாகைக்குக் கீழ் இருக்கும். டாண்டி–வாக்கரில் பொதுவாக 45 பாகையைத் தாண்டும். இடைப்பட்ட கோணத்தோடு வெர்மிஸின் அளவும் வடிவமும் சரியாக இருந்தால், அது பெரும்பாலும் தீங்கற்ற பிளேக் பை நீர்க்கட்டியாக இருக்கும். பின்னர் தானே மறைவதும் உண்டு.

ஐயம் தீராவிட்டால் கருவின் எம்.ஆர்.ஐ., பனிக்குட நீரில் குரோமோசோம்களில் சிறு இழப்புகளையும் மிகைகளையும் தேடும் நுண்வரிசைப் பரிசோதனை, தேவைப்பட்டால் மரபணுக்களின் புரதம் ஆக்கும் பகுதிகளைப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை ஆகியவை அடுத்த படிகள். இந்தியாவில் 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, கருவில் பெருங்குறை இருப்பதாக மருத்துவக் குழு முடிவுசெய்தால் 24 வாரத்துக்குப் பிறகும் அனுமதி உண்டு. எனவே ஒரே ஒரு ஸ்கேனை நம்பி அவசர முடிவு எடுக்கத் தேவையில்லை. முழு விவரமும் கையில் வரும்வரை காத்திருக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

சொந்தத்தில் திருமணம் செய்தவர்களுக்கு இந்த நோய்கள் அதிகமா? அடுத்த குழந்தைக்கு என்ன வாய்ப்பு?

ஜூபேர் போன்ற ஒடுங்கு முறை நோய்களில், தாய் தந்தை இருவருமே ஒரே மரபணுவில் பழுதான ஒரு பிரதியைத் தாங்கியிருந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் உறவுகளில் திருமணம் நடக்கும்போது இருவரும் ஒரே மூதாதையிடமிருந்து அந்தப் பிரதியைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதற்காகச் சொந்தத் திருமணம் செய்த எல்லோருக்கும் இந்நோய் வரும் என்று பொருளன்று. உறவில்லாதவர்களின் குழந்தைகளுக்கும் வருகிறது. தாயையோ தந்தையையோ பழிப்பதற்கு இதில் எந்த இடமும் இல்லை, ஏனெனில் பழுதான பிரதி இருவரிடமிருந்தும் சரிசமமாகவே வந்திருக்கிறது.

ஒரு குழந்தைக்கு ஒடுங்கு முறை நோய் உறுதியானால், அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஓ.எஃப்.டி.1 மரபணுவால் வரும் அரிய வகை ஜூபேர் எக்ஸ் குரோமோசோம் வழிப்பட்டது என்பதால் அதன் கணக்கு வேறு. முதல் குழந்தையின் மரபணுப் பிறழ்வு இன்னதென்று எழுத்தில் இருந்தால், அடுத்த கர்ப்பத்தில் 11-ஆவது வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பரிசோதிக்க முடியும். அந்த அறிக்கை இல்லாவிட்டால், ஸ்கேனில் மூளையின் வடிவம் தெரியும் வரை பல வாரங்கள் காத்திருக்க வேண்டிவரும். நோயுற்ற குழந்தை உள்ள குடும்பங்கள் இதற்காகவே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குழந்தை உயிரோடு இருக்கும்போதே இரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துச் சேமித்து வைக்கும்படி மரபியல் மையத்திடம் கேட்டுக்கொள்ளலாம். அது தவறிக் குழந்தை இறந்துவிட்டிருந்தால், பெற்றோர் இருவரின் இரத்தத்திலும் எக்ஸோம் பரிசோதனை செய்து, பொதுவாகப் பழுதான மரபணுவைத் தேடும் வழி இருக்கிறது.